தட்டேந்தி

ஒரே ஒரு வார்த்தைக்காக என் வீட்டுக்காரர் சாகத் தயாராக இருந்தார். சொத்துக்காகச் செத்தவர்கள் உண்டு, காதலுக்காகச் செத்தவர்கள் உண்டு. இந்த மனுஷன் சைக்கிளின் பின்சக்கரத்தில் மாட்டுகிற ஒரு பல்சக்கரத்துக்கு வைத்த பட்டப்பெயருக்காகச் சாகப் பார்த்தார். அந்தப் பட்டப்பெயரை வைத்ததும் இவரேதான். இப்போது சொல்லும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாக ஊர் ஜனங்களை நோகாமல் மேலே ஏற்றிவிடுவது வேலை. தான் மேலே போக வேண்டுமென்றால் மட்டும் நொந்துதான் போவார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கைப்பிடி வளைந்த ரேஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள மலைக்குக் கிளம்பிவிடுவார். மொத்தம் பதினோரு வளைவு. உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதைச் சுற்றி ஒரு கம்பி வேலியும் தவிர எதுவும் கிடையாது. நான் ஒரு தடவை ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு, இதற்கா இந்தப் பாடு என்று திரும்பி வந்தேன்.

அவரோடு மூன்று பேர் ஏறுவார்கள். ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஒருவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். மூன்றாமவர் யார் எத்தனை நிமிஷத்தில் ஏறினார் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பவர், அவருக்குக் கடிகாரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த நோட்டில் இருபது வருஷமாக முதல் வரியில் இருப்பது என் வீட்டுக்காரர்.

நான் பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துக் கடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து முடித்துக் கொடுப்பேன். பல் என்று ஒன்றைக் கண்டால் என் கண் தானாக எண்ணிவிடும். எதிரே ஒருத்தர் வாய் விட்டுச் சிரித்தால் நான் நகைச்சுவையைக் கவனிப்பதில்லை, எது சொந்தப் பல், எது கட்டின பல் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டு முன்னறையில் அந்த சைக்கிள் சாய்ந்து நிற்கிற இருபது வருஷத்தில் அதன் பற்களையும் நான் எண்ணாமல் இல்லை. பின்சக்கரத்தில் சின்னதும் பெரிதுமாகப் பதினோரு பல்சக்கரம் அடுக்கியிருக்கும். சங்கிலி பெரிய சக்கரத்துக்கு ஏற ஏற மிதி லேசாகும், வேகம் குறையும். மலை ஏற அதுதான் தோது. அவருடைய அடுக்கில் எல்லாவற்றிலும் பெரியதற்கே இருபத்தைந்து பல்தான். பந்தயத்துக்குப் போகிற இருபது வயதுக் கால்களுக்குச் செய்தது. இவருக்கு வயது ஐம்பத்தேழு.

வார்த்தைக்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர்களோடு ஐந்தாவதாக ஒரு பேங்க்காரர் வந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். மூட்டு வலி வந்ததும் அவர் பாட்டுக்குப் பின்னால் இருபத்தெட்டுப் பல் சக்கரம் ஒன்று போட்டுக்கொண்டு வந்தார். வெறும் இருபத்தெட்டு. என் வீட்டுக்காரர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சார், மலைகிட்ட தட்டேந்த ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து பெரிய பல்சக்கரத்துக்குத் தட்டு என்று பெயர். பேங்க்காரருக்குத் தட்டேந்தி என்று பெயர். உச்சியில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், கழற்றி வைத்த அவருடைய ஹெல்மெட்டில் யாராவது சில்லறை போடுவார்களாம். நாலு மாதம் பொறுத்தார், பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்.

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நன்றாகவே சிரித்தேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் எட்டாவது வளைவில் அவர் விழுந்தார். சைக்கிள் சறுக்கி விழுந்ததாகத்தான் முதலில் எனக்குச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மாரடைப்பு என்று நெஞ்சுக்குள் குழாய் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூட வந்த மூன்று பேரும் வராந்தாவில் இறுக்கமான சைக்கிள் உடையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பயத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்து நான்தான் அவர்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து இதய டாக்டரம்மா, சைக்கிள் ஓட்டலாம், ஆனால் நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டக் கூடாது என்றார். அதைத் தாண்டினால் கூவுகிற மாதிரி கையில் ஒரு கடிகாரமும் கட்டச் சொன்னார். அவரும் சைக்கிள் தெரிந்தவர் போலிருக்கிறது. மலைக்குத்தான் போவேன் என்றால் பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே மெதுவாகப் போங்கள், எழுந்து நின்று மிதிக்கிற கியரோடு போனால் அடுத்த தடவை இங்கே வந்து சேரமாட்டீர்கள் என்று பச்சையாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மலைக்குப் போவேன், தட்டு மட்டும் போடமாட்டேன் என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவருக்குப் புரிகிற பாஷையிலேயே கேட்டேன். "ஒரு லிஃப்ட்டுல பாரத்தைச் சமன் பண்ற எதிர் எடையைக் கழட்டிட்டு, மோட்டாரே தம் கட்டி இழுக்கட்டும்னு யாராவது சொன்னா நீங்க விடுவீங்களா?"

"அது மெஷின்."

"மெஷினுக்குக் குடுக்குற மரியாதையை உங்க நெஞ்சுக்குக் குடுக்கக் கூடாதா?"

"உனக்குத் தெரியாது. அத மாட்டிக்கிட்டு அவங்க முன்னாடி போய் நிக்கறதுக்கு, மலைக்கே போகாம இருக்கலாம்."

அப்படியானால் போகாதீர்கள் என்றேன். போகாமலும் இருக்க முடியாது என்றார். மூன்று நாள் இதே பேச்சு. கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். அவர் கையில் இருந்த அந்தப் புதுக் கடிகாரம் சண்டையின் நடுவில் இரண்டு தடவை கூவியது. மலை தேவையில்லை, நானே போதும் போலிருக்கிறது என்று பயந்துபோய் நிறுத்தினேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்பானர் கடைக்குப் போனேன். ஸ்பானர் என்பது அந்த மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர், காதில் பென்சிலுக்குப் பதில் சின்ன ஸ்பானர் சொருகியிருப்பார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"அண்ணி, அண்ணன் சைக்கிளுக்கா? என்னைத் தொலைச்சிடுவாரு."

"அவர் இருந்தாத்தானே தொலைக்கிறதுக்கு."

அவர் சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என்னென்ன மாற்ற வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். பெரிய அடுக்கை மட்டும் மாட்டினால் போதாது. சங்கிலியை இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரத்துக்குத் தள்ளி, தொய்யாமல் இழுத்துப் பிடிக்கிற இரும்புக் கை ஒன்று பின்னால் தொங்கும், அதையும் நீளமானதாகப் போட வேண்டும். சங்கிலியும் நீளம் போதாது. பழைய சங்கிலியோடு பெரிய சக்கரத்துக்கு ஏற்றினால் இறுகிப்போய் அந்தக் கையையே பிடுங்கிவிடும். சொல்லிக்கொண்டே எழுந்து, எட்டும் உயரத்தில் இருந்த அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். தேடவே இல்லை. உள்ளே இருந்த பெரிய சக்கரத்தை எண்ணினேன். முப்பத்திநாலு.

"மனுஷன் வாய்லயே முப்பத்திரண்டுதான். இதுல ரெண்டு கூட இருக்கு," என்றேன்.

"இதுதான் அண்ணி இப்ப நல்லா போகுது."

யார் வாங்குகிறார்கள், இந்த ஊரில் மலை ஏறுவதே நாலு பேர்தானே என்று கேட்டேன். ஸ்பானர் திடீரென்று சக்கரத்தைக் கழற்றுவதில் மும்முரமாகிவிட்டார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர், ஷூவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டார். கத்துவார் என்று நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். கத்தவில்லை. முன்னறையில் பழைய செய்தித்தாளை விரித்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். பின்சக்கரத்தைக் கழற்றி, புது அடுக்கை எடுத்துவிட்டு, ஸ்பானர் கழற்றிக் கொடுத்திருந்த பழைய இருபத்தைந்தை மாட்டி முறுக்கினார். நீளமான சங்கிலியும் புதுக் கையும் மட்டும் அப்படியே இருந்தன. எல்லாம் முடிந்ததும் முப்பத்திநாலை ஒரு துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"திருப்பிக் குடுத்துடு. ஞாயித்துக்கிழமை நான் போறேன்."

கட்டின பெண்டாட்டி செய்ததைக் கண்ணெதிரே பிரித்து எடுத்துத் துணியில் சுற்றித் தருகிறார். அந்தச் சக்கரத்தை அவர் தலையிலேயே போடலாமா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். நினைத்துவிட்டு என் வேலைப் பையில், மெழுகுக்கும் பல் அட்டைகளுக்கும் நடுவில் போட்டுவைத்தேன். ஸ்பானரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு அவர் கிளம்பினார். நான் தூங்குகிறேன் என்று நினைத்து மெல்லக் கதவைச் சாத்தினார். இருபது நிமிஷம் விட்டு நானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. சாலை முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே போனேன், ஹெல்மெட்டுக்குள் என் குரலே எனக்குத் திரும்பி வந்தது.

மலை அடிவாரத்தில் ஒரு மூடிய பெட்ரோல் பங்க் இருக்கிறது. அதன் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நாலு பேரும் கைகால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் விழுந்த பிறகு எல்லோரும் சேர்ந்து வருகிற முதல் ஞாயிறு. டிரைவிங் ஸ்கூல்காரர் என்னைப் பார்த்ததும், அண்ணி வழியனுப்பவே வந்துட்டாங்க என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நான் பையில் கையை விட்டதுமே அவருக்கு முகம் மாறிவிட்டது.

துணியைப் பிரித்து அந்த அடுக்கைக் கையில் எடுத்தேன். பெரிய சக்கரம் மேலே வருகிற மாதிரி இரண்டு உள்ளங்கையிலும் வைத்து, அவருக்கு இல்லை, மற்ற மூன்று பேருக்கும் முன்னால் நீட்டினேன்.

"தட்டேந்திட்டு வந்திருக்கேன். என் வீட்டுக்காரர் உசிரைப் பிச்சை போடுங்க. அவர் இதை மாட்டிக்கிட்டா சிரிக்க மாட்டோம்னு நீங்க மூணு பேரும் ஒரு வார்த்தை சொன்னா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இதற்கு முன் நான் யாரிடமும் எதற்கும் கையேந்தினது கிடையாது. "வீட்டுக்குப் போ," என்று என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் நகரவில்லை.

கடிகாரம் நோட்டை மூடிவிட்டுத் தரையைப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூல்காரர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நாங்கள் என்ன அண்ணி சொன்னோம், எதைப் போடுவது எதைப் போடாமல் இருப்பது அவரவர் இஷ்டம், இதில் நாங்கள் எப்படித் தலையிட முடியும் என்று வழவழவென்று இழுத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்வையைத் திருப்பியபோதுதான் சைக்கிள்களைக் கவனித்தேன்.

என் வீட்டுக்காரருடைய சைக்கிள் சங்கிலிப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி சாய்ந்திருந்தது. வீட்டிலும் அப்படித்தான் வைப்பார். சங்கிலிப் பக்கம் எதிலும் இடிபடக் கூடாது என்று என்னையே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். மற்ற மூன்று சைக்கிளும் சங்கிலிப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்று அப்படி நின்றால் கவனக்குறைவு. மூன்றும் அப்படி நின்றன.

சக்கர அடுக்கை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டுப் போய் முதல் சைக்கிளைப் பிடித்துத் திருப்பினேன். "அண்ணி, அண்ணி," என்று கடிகாரம் பின்னாலேயே ஓடிவந்தார். என் கண் அதற்குள் எண்ணி முடித்திருந்தது.

"கடிகாரத்துக்கு முப்பது," என்றேன். இரண்டாவதைத் திருப்பினேன். "டிரைவிங் ஸ்கூலுக்கு முப்பத்திரண்டு. வாய் நிறைய." மூன்றாவது மருந்துக்கடைக்காரருடையது. அதை நான் தொடுவதற்கு முன்னால் அவரே திருப்பிக் காட்டினார். முப்பத்திநாலு. ஸ்பானர் அலமாரியிலிருந்து எனக்கு எடுத்துக் கொடுத்த அதே ரகம்.

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு சைக்கிளாகக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். இருபது வருஷமாக எப்போதும் முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவர்களின் சக்கரம் எங்கே தெரியப்போகிறது. உச்சியில் இவர்கள் வந்து சேரும்போதும் வேலியோடு ஒட்டித்தான் சாய்த்திருப்பார்கள்.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர். "இவங்க அதுக்கு முன்னாடியே. உன் வாய்க்குப் பயந்துதான்பா சொல்லலை."

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. நாலு மாதமாக உள்ளே வைத்திருந்தது போல.

"அன்னிக்கு அஞ்சாவது வளைவுல உன்னை எட்டிப் பிடிச்சேன், ஞாபகம் இருக்கா? நீ மூச்சு விட்டது சரியில்ல. எனக்குத் தெரிஞ்சுது. நிறுத்துன்னு சொல்ல வாயெடுத்தேன். சொன்னா, தட்டு கொண்டு வரவான்னு கேப்ப. திரும்பி என் சக்கரத்தைப் பாப்ப. அதான் வேகத்தைக் குறைச்சுப் பின்னால போயிட்டேன்."

நான் அவரை அடித்துவிடுவேன் என்று மற்ற இருவரும் நினைத்திருக்க வேண்டும், நடுவில் வந்து நின்றார்கள். நாள் முழுக்க நெஞ்சுவலிக்காரர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை. அந்த மனுஷருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மூன்று வளைவு பேசாமல் பின்னால் வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் வாங்கிக் கொடுத்த தண்ணீரை அவர்தான் முதலில் வாங்கிக் குடித்தார். அதையெல்லாம் அங்கேயே சொன்னேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகமில்லை.

என் வீட்டுக்காரர் பெட்ரோல் பங்க் படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. கைக்கடிகாரம் கூவுகிறதா என்று எனக்குப் பயம், கூவவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஸ்கூட்டர் சீட்டிலிருந்த அடுக்கைத் துணியில் சுற்றித் தன் சட்டையின் முதுகுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மருந்துக்கடைக்காரரிடம் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்ட வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். அந்தப் பேங்க்காரர் இன்னும் உன் கடையில்தான் மாத்திரை வாங்குகிறாரா, அவர் நம்பர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு யாரும் மலை ஏறவில்லை. திரும்பும்போது நான் ஸ்கூட்டரில் முன்னால் போனேன், அவர் பின்னால் வந்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். அவர் எனக்குப் பின்னால் வந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் அதே செய்தித்தாளை விரித்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். இருபத்தைந்தைக் கழற்றி முப்பத்திநாலை மாட்டினார். நீளச் சங்கிலியும் புதுக் கையும் ஏற்கெனவே இருந்ததால் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மிதியைக் கையால் சுற்ற, சங்கிலி ஒவ்வொரு சக்கரமாக ஏறிப் பெரியதில் போய் உட்கார்ந்தது. என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. என்னோடு முப்பது வருஷம் வாழ்ந்தவருக்கு என் பேச்சு கேட்கவில்லை, டாக்டரம்மா பேச்சு கேட்கவில்லை, சுவரோடு ஒளிந்து நின்ற மூன்று சைக்கிளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கேட்டது. அந்தக் கோபம் ஒரு நாளில் தீருகிற கோபமா.

கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். நம்பரைப் போட்டுவிட்டு ரொம்ப நேரம் காதில் வைத்திருந்தார். அந்தப் பக்கம் எடுத்தது அவர் முதுகு நிமிர்ந்ததில் தெரிந்தது. பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"சார், நான் தட்டேந்தி பேசறேன்," என்றார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து, செய்தித்தாளில் கிடந்த பழைய இருபத்தைந்தைக் காலால் மெல்ல உருட்டிக்கொண்டே காத்திருந்தார். பிறகு பேங்க்காரர் ஏதோ ஒன்று கேட்டார், ஒரே ஒரு கேள்வி.

"முப்பத்திநாலு சார்," என்றார் என் வீட்டுக்காரர். "உங்களுதைவிட ஆறு கூட."